கொக்கி பிடித்த கைகள்

முதுநிலை அறுவை சிகிச்சைப் படிப்பின் 3 ஆண்டுகளில் முதலாண்டை நாங்கள் ரிட்ராக்டர் பிடித்தே கழித்தோம். வயிற்றுச் சுவரை விலக்கிப் பிடிக்கும் கொக்கி அது. பிடித்திருப்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் சீஃபின் தோள்பட்டைதான். எஞ்சிய நேரம் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதிலும், சர்க்கரை நோயாளிகளின் கால்புண்களுக்குக் கட்டு மாற்றுவதிலும் போயிற்று. கட்டு மாற்றுவதைக் குறை சொல்ல மாட்டோம்; அழுகிய சதை எது, உயிருள்ள சதை எது என்பதை எங்கள் விரல்கள் அங்கேதான் அறிந்தன.

இந்தப் பயிற்சி முறைக்கு அமெரிக்காவில் வடிவம் கொடுத்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட். கொகெய்னை மரப்பு மருந்தாகத் தம்மீதே சோதித்து அதற்கு அடிமையானவர். தூக்கமற்ற இரவுகளில் இச்செய்தி எங்களுக்கு ஓர் அற்ப ஆறுதலாக இருந்ததுண்டு. அங்கே 2003இல் வாரத்துக்கு 80 மணி நேரம் என வரம்பு வைத்தார்கள். நாங்கள் மணிகளை எண்ணுவதையே விட்டிருந்தோம்.

எங்களை உறுத்தியது லாக்புக்தான். 'உதவியது', 'மேற்பார்வையில் செய்தது', 'தனியே செய்தது' என்று அதில் பிரிவுகள். எண்ணிக்கை போதாதபோது முதல் பிரிவிலிருந்து சிலவற்றை மூன்றாவதற்கு நகர்த்தினோம். கையெழுத்தும் கிடைத்தது.

பின்னர் மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பணி. குடலிறக்கத்துக்காக வந்திருந்த ஒரு நெசவாளர் எங்களில் ஒருவரிடம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எத்தனை பண்ணிருக்கீங்க, டாக்டர்?"

லாக்புக்கில் 11 இருந்தது.

"நாலு" என்றார் நண்பர்.

நெசவாளர் சற்று யோசித்தார். "பெரிய டாக்டர் பக்கத்துல நிப்பாருல்ல?"

நின்றார்.