அமானிதமும் அதன் ஆயுளும்

ஒருவர் நம்மிடம் பொருளை ஒப்படைத்தால் அதைத் திருப்பிக் கொடுத்த அன்று நமது பொறுப்பு முடிந்துவிடுகிறது. ஒருவர் நம்மிடம் தம் இரகசியத்தை ஒப்படைத்தால் அவ்வாறு முடிவதில்லை. இரகசியத்தைத் திருப்பிக் கொடுக்க இயலாது. காத்து வரத்தான் இயலும். அந்த அமானிதத்தை எத்தனை ஆண்டுகள் காக்க வேண்டும் என்னும் கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. குவாண்டம் கணினி பற்றிய செய்திகள் அந்தக் கேள்வியை இப்போது நம் முன் வைத்திருக்கின்றன.

மஹல்லாவின் நிர்வாகத்திலும் மதரஸாவின் அலுவலகத்திலும் எவ்வளவு இரகசியங்கள் தங்கியுள்ளன என்று எண்ணிப் பார்ப்போம். நிகாஹ் தப்தர், ஜகாத் பெறுவோரின் பட்டியல், யத்தீம் பிள்ளைகளின் உதவி விண்ணப்பங்கள், கணவன் மனைவி பிணக்கில் இரு தரப்பாரும் எழுதிக் கொடுத்த கடிதங்கள், மருத்துவ உதவி கேட்டோரின் நோய் விவரங்கள். ஒரு தலைமுறைக்கு முன்னர் இவையெல்லாம் இரும்பு பீரோவில் இருந்தன. சாவி முத்தவல்லியின் இடுப்பில் இருந்தது. இன்று இவை கணினியில் ஏறி, மின்னஞ்சலில் பயணம் செய்து, எங்கோ வாடகைக்கு எடுத்த சர்வரில் தங்குகின்றன. வழியில் அவற்றைக் காப்பது என்க்ரிப்ஷன் எனப்படும் குறியாக்கம்தான்.

அந்தப் பூட்டு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய உயர்கணிதம் தேவையில்லை. மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் நாம் ஒரு கணக்குக் கொடுத்தோம். 61ஐ 53ஆல் பெருக்கச் சொன்னோம். சில நொடிகளில் 3233 என்று விடை வந்தது. பின்னர் மற்றொரு வகுப்பில், 3233 எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று கேட்டோம். நெடுநேரம் கரும்பலகை நிரம்பி அழிந்தது; விடை எளிதில் கிட்டவில்லை. பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்னும் இந்த வேறுபாட்டின் மீதுதான் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் 1977ஆம் ஆண்டு ஆர்எஸ்ஏ என்னும் குறியாக்க முறையைக் கட்டினர். இன்று பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ சாவியில் 3233க்குப் பதிலாக 617 இலக்கங்கள் கொண்ட எண் இருக்கிறது. அதைப் பிரித்தறிய இன்றைய கணினிகள் அனைத்தும் சேர்ந்தாலும் நடைமுறையில் இயலாது.

1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பீட்டர் ஷோர் என்னும் கணித அறிஞர், குவாண்டம் இயற்பியலின் விதிப்படி இயங்கும் கணினி ஒன்று உருவானால் இந்தப் பிரிப்பு வேலையை அது விரைவாகச் செய்துவிடும் என்று காட்டினார். ஆர்எஸ்ஏ மட்டுமன்று, நீள்வட்ட வளைகோட்டு முறை எனப்படும் புதிய பூட்டும் அதே வழியில் திறந்துவிடும். அத்தகைய வலிமை வாய்ந்த கணினி இன்று இல்லை. ஆனால் தூரம் குறைந்து வருகிறது. 617 இலக்க எண்ணைப் பிரிக்க, பிழைக்கு இடமுள்ள 2 கோடி க்யூபிட்டுகளும் 8 மணி நேரமும் தேவைப்படும் என்று 2019இல் கிட்னி, எக்கெரோ ஆகிய இருவர் மதிப்பிட்டனர். 2025 மே மாதம் அதே கிட்னி வெளியிட்ட ஆய்வில், 10 இலட்சத்துக்கும் குறைவான க்யூபிட்டுகளும் ஒரு வாரத்துக்கும் குறைவான காலமும் போதும் என்று கணக்கு மாறியது. இயந்திரம் வளர்வது ஒருபுறம் இருக்க, அதற்குத் தேவைப்படும் அளவும் சுருங்கிக்கொண்டே வருகிறது.

"இல்லாத இயந்திரத்துக்கு இப்போதே அஞ்சுவானேன்?" என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். நாமும் இதையே, நம் மதரஸாவில் ஓதி இன்று கணினித் துறையில் பணிபுரியும் மாணவர் ஒருவரிடம் கேட்டோம். அவர் சொன்னார்: "ஹஜ்ரத், இன்று போட்ட பூட்டு இன்று உடையாது. ஆனால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனவனுக்கு அவசரம் எதுவும் இல்லை. அவன் காத்திருப்பான்."

இதுதான் இந்த விஷயத்தின் மையம். குறியாக்கம் செய்யப்பட்ட தகவலை இன்று வழிமறித்துச் சேமித்து வைத்துக்கொண்டு, குவாண்டம் கணினி வந்தபின் திறந்து படிப்பது சாத்தியம். அப்படியானால் திருட்டு நடைபெறும் நாள் இன்று. அது வெளிப்படும் நாள்தான் எதிர்காலத்தில் இருக்கிறது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மொஸ்கா இதற்கு எளிய கணக்கு ஒன்றைத் தந்துள்ளார். இரகசியம் காக்கப்பட வேண்டிய ஆண்டுகளையும், பூட்டை மாற்றி முடிக்கத் தேவைப்படும் ஆண்டுகளையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை, குவாண்டம் கணினி வந்து சேரும் காலத்தைவிட அதிகமாயின், ஆபத்து இப்போதே தொடங்கிவிட்டது.

இதை நமது வாழ்வில் வைத்துப் பார்ப்போம். தந்தையை இழந்த 8 வயதுச் சிறுமி ஒருத்திக்காக அவளுடைய தாய் உதவி விண்ணப்பம் எழுதுகிறார். தந்தையின் நோய், குடும்பத்தின் கடன், உறவினர் கைவிட்ட கதை யாவும் அதில் உள்ளன. அந்த விண்ணப்பம் இன்று மின்னஞ்சலில் செல்கிறது. குவாண்டம் கணினி 15 ஆண்டுகளில் வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அன்று அந்தச் சிறுமிக்கு 23 வயது. திருமணப் பேச்சு நடக்கும் பருவம். அவளுடைய தாய் வாய்திறந்து யாரிடமும் சொல்லாத செய்தி, அன்று யார் கையில் இருக்கும் என்று நம்மால் சொல்ல இயலுமா? அவளுக்கு நாம் கொடுத்த உதவித்தொகை சில மாதங்களில் செலவழிந்துவிடும். அவளுடைய மானம் நம் பொறுப்பில் அவள் ஆயுள் முழுவதும் இருக்கும்.

"சிறிய மஹல்லாவின் காகிதங்கள் யாருக்கு வேண்டும்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். முதல் இலக்குகள் அரசுகளும் வங்கிகளும் படைத்துறைகளுமே. ஆயினும் வலை வீசுபவன் மீனைப் பார்த்து வீசுவதில்லை. மொத்தமாக வாரியெடுத்துப் பின்னரே பிரிக்கிறான். நமது கடிதம் செல்லும் கம்பியும் வங்கியின் கடிதம் செல்லும் கம்பியும் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

உலகம் இதற்கு வாளாவிருக்கவில்லை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2016ஆம் ஆண்டு இறுதியில் உலகெங்கும் உள்ள அறிஞர்களிடம் புதிய பூட்டுகளைக் கோரியது. 82 முன்மொழிவுகள் வந்தன. அவற்றுள் 69 முதல் சுற்றில் ஆராயப்பட்டன. ஒருவர் வடித்த பூட்டை மற்றவர் உடைத்துப் பார்ப்பதே தேர்வு. 2022 ஜூலை மாதம் மேலாய்வுக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட சைக் என்னும் முறை, அதே மாத இறுதியில் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர் இருவரால் உடைக்கப்பட்டது. அதற்குக் குவாண்டம் கணினி தேவைப்படவில்லை. சாதாரணக் கணினியின் ஒற்றை மையச் செயலியில் சுமார் ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. இத்தகைய சோதனைகளைக் கடந்து நின்றவற்றுள் மூன்று, 2024 ஆகஸ்ட் 13 அன்று தரநிலைகளாக வெளியிடப்பட்டன. சாவியைப் பாதுகாப்பாகப் பரிமாறிக்கொள்ள ஒன்று. அனுப்பியவர் இவரே என்று உறுதிசெய்யும் மின்கையொப்பத்துக்கு இரண்டு.

இந்தக் கலையின் வேரில் நமக்கு அறிமுகமான பெயர் ஒன்று இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, மறைமொழிக் கடிதங்களைப் படிப்பது எப்படி என்று தனி நூலே எழுதினார். ஒரு மொழியில் சில எழுத்துகள் அதிகமாகவும் சில குறைவாகவும் வருகின்றன. அந்த எண்ணிக்கையைக் கொண்டே மறைமொழியைத் திறக்கலாம் என்பது அவர் காட்டிய வழி. உடைக்க இயலாது என்று அதுவரை மக்கள் நம்பியிருந்த பூட்டுகளை எழுத்தெண்ணும் பொறுமை திறந்துவிட்டது. எந்தப் பூட்டும் என்றென்றைக்கும் நில்லாது என்பதற்கு அது முற்காலச் சான்று. நம் காலத்திலும் அவ்வாறே நடந்தது. 1977இல் அமெரிக்க அரசு தரநிலையாக ஏற்ற டெஸ் என்னும் பூட்டை, 1998இல் ஒரு தனி இயந்திரம் 56 மணி நேரத்தில் திறந்தது; ஆயினும் அத்தரநிலை முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது 2005இல்தான். உடைந்தது என்று தெரிந்த பின்னரும் மாற்றுவதற்கு 7 ஆண்டுகள் ஆயின.

ஆகவேதான் அரசுகள் காலக்கெடு வைக்கின்றன. பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையம் 2025 மார்ச் மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், நிறுவனங்கள் 2028க்குள் தம்மிடம் உள்ளவற்றைக் கணக்கெடுத்துத் திட்டம் வகுக்க வேண்டும், 2031க்குள் முதன்மையானவற்றை மாற்ற வேண்டும், 2035க்குள் முழுமையாக முடிக்க வேண்டும் என்று கூறியுள்ளது. நிஸ்ட் வெளியிட்ட வரைவும் 2035க்குப் பின் பழைய பூட்டுகளுக்கு இடமில்லை என்கிறது.

மாற்றம் ஏற்கெனவே தொடங்கியும் விட்டது. சிக்னல் செயலி 2023 செப்டம்பரில் புதிய முறையைச் சேர்த்தது. ஆப்பிளின் ஐமெசேஜ் 2024இல் சேர்த்தது. அதே ஆண்டு குரோம் உலாவியும் அதை இயல்பாகவே இயக்கத் தொடங்கியது. உலாவிகள் பழைய பூட்டையும் புதிய பூட்டையும் சேர்த்தே போடுகின்றன. புதியதில் நாளை ஏதேனும் குறை தெரியவந்தாலும் பழையது காக்கும். பழையது உடைந்தாலும் புதியது காக்கும். இதற்கு ஒரு சிறு விலை உண்டு. பழைய முறையில் 32 பைட்டுகளாக இருந்த பொதுச்சாவி புதிய முறையில் 1184 பைட்டுகளாகிறது. அந்தப் பெரிய சாவியைத் தாங்க இயலாமல் வலையமைப்பின் சில பழைய கருவிகள் இணைப்பைத் துண்டித்ததும் உண்டு. பழைய கருவிகளை முன்கூட்டியே அடையாளம் காண வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நமது நிர்வாகக் கூட்டத்தில் இந்த விஷயத்தை எடுத்துரைத்தபோது மூத்தவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது. மக்கள் கொடுத்த பணத்தை எப்போதோ வரப்போகும் கணினிக்காகச் செலவழிப்பது தகுமா?" அந்தக் கேள்வியில் பிழை இல்லை. மக்களின் பணமும் அமானிதமே. ஆனால் முதற்பணிகளுக்குப் பணம் தேவைப்படவில்லை. ஒரு நோட்டும் இரண்டு மாலை நேரங்களும் போதுமானவையாக இருந்தன. நம்மிடம் என்னென்ன தகவல்கள் உள்ளன, எங்கே உள்ளன, எவ்வழியே பயணம் செய்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டுகள் இரகசியமாக இருக்க வேண்டும் என்று நான்கு கட்டங்கள் வரைந்து எழுதினோம். மின்கட்டண ரசீதுக்கு எதிரே ஓராண்டு என்று வந்தது. யத்தீம் பிள்ளையின் விண்ணப்பத்துக்கு எதிரே ஆயுள் முழுவதும் என்று வந்தது. எதை முதலில் கவனிக்க வேண்டும் என்பதை அந்த நான்காவது கட்டமே சொல்லிவிட்டது.

அதன் பின்னர் விண்ணப்பப் படிவத்தையே எடுத்துப் பார்த்தோம். தந்தை இறந்த காரணத்தைக் கேட்கும் கட்டத்தை உதவி வழங்கும் முடிவில் யாரும் பயன்படுத்துவதில்லை என்பது தெரிந்தது, அது நீக்கப்பட்டது. உதவி முடிந்த பின் எத்தனை ஆண்டுகளில் விவரங்களை அழிப்பது என்பதற்கும் வரம்பு வைக்கப்பட்டது. நம்மிடம் இல்லாத இரகசியத்தை எந்தக் கணினியாலும் நம்மிடமிருந்து திருட இயலாது. ஏற்கெனவே வழியில் பிரதியெடுக்கப்பட்டவற்றை நாம் திரும்பப் பெற இயலாது என்பதும் உண்மையே. இனிச் செல்பவற்றைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

கணிதத்தை அறிஞர்கள் செய்துவிட்டார்கள். நாமே பூட்டு வடிக்க முயல வேண்டாம், முயலவும் கூடாது. நமது மென்பொருளைத் தருபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நமக்கு உரியவை. குவாண்டம் கணினியைத் தாங்கும் தரநிலைகளுக்கு எப்போது மாறப் போகிறீர்கள்? சர்வருக்கும் எங்கள் கணினிக்கும் இடையிலான இணைப்பில் எந்த முறை இயங்குகிறது? பின்னாளில் மீண்டும் பூட்டை மாற்ற நேர்ந்தால் எளிதில் மாற்ற இயலுமா? சேமித்து வைத்த கோப்புகளுக்கு 256 பிட் சாவி பயன்படுகிறதா? கோப்புகளைப் பூட்டும் இம்முறை வேறு வகையைச் சார்ந்தது. போதிய நீளமுள்ள சாவி இருந்தால் குவாண்டம் கணினியின் முன்னும் அது நிலைக்கும் என்பதே அறிஞர்களின் கணிப்பு. இவற்றோடு, அலுவலகக் கைபேசியும் உலாவியும் காலந்தோறும் புதுப்பிக்கப்படுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆண்டுக்கொரு முறை மென்பொருள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. கையொப்பமிடும் முன் இக்கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக் கேளுங்கள். விடையையும் எழுத்தில் பெறுங்கள். கணக்குப் பிள்ளையோ கணினி தெரிந்த இளைஞரோ தனியே சுமக்க வேண்டிய பொறுப்பு அன்று இது. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட நிர்வாகம் முழுவதும் அதற்குப் பொறுப்பாளி. அந்தத் தாய் நம்மை நம்பித்தான் எழுதிக் கொடுத்தார். எந்தக் கம்பியின் வழியாக அனுப்பப்போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததை அவருக்காக நாம் கேட்க வேண்டும்.