திரும்பி வரும் வழி



அப்பா விட்டுச்சென்ற 1974 மாடல் காரில் ஹெட்லைட் மங்கல்; இண்டிகேட்டர் போட்டால் அதுவும் சேர்ந்து மினுக்கும். "வயரிங் முழுசா மாத்தணும் சார்" என்றார் எலக்ட்ரீஷியன். "அதுக்கு காயலான் கடையில போட்டுடலாம்ணே" என்றான் தம்பி.

எட்டாம் வகுப்பில் மின்சுற்று நடத்தினேனே, நினைவிருக்கிறதா? மின்சாரம் போனால் போதாது, திரும்பியும் வர வேண்டும். காரில் திரும்பும் வழி அதன் இரும்பு பாடிதான். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் எர்த்திலும் வைத்தேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 2.6 காட்டியது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு எர்த் போல்ட்டைக் கழற்றினேன்; உள்ளே ஒரே துரு. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினேன். இப்போது 0.1. விளக்கு பளிச்!

வயரிங்கை மாற்றுமுன் எர்த்தைப் பாருங்கள், பிள்ளைகளே. தம்பி இப்போது சாவி கேட்கிறான்.