தலைமைத் தச்சர்

ஆலயம் எழுப்ப விழையும் எந்தப் பங்கிலும் முதலில் எழும் கேள்வி பணத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி கோபுரத்தின் உயரத்தைப் பற்றியது. யாரைக் கொண்டு கட்டுவது என்பது மூன்றாவதாக வருகிறது. அதுவும் "நமக்குத் தெரிந்த மேஸ்திரி இருக்கிறார்" என்ற விடையோடு முடிந்துவிடுகிறது. யாரோடு அமர்ந்து சிந்திப்பது என்னும் கேள்வியோ பெரும்பாலும் எழுவதே இல்லை. அதைப் பற்றியே இங்குச் சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

மேல்மலையனூர் என்றதும் அங்காளம்மன் கோவிலும் அமாவாசை இரவுகளில் அங்குப் பெருகும் மக்கள் வெள்ளமும் நினைவுக்கு வரும். அவ்வூரைச் சூழ்ந்த மானாவாரி நிலங்களுக்கிடையே நம் கத்தோலிக்க மக்கள் சிறு தொகுதிகளாக வாழும் கிராமங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றில், ஓடுகள் சரிந்துபோன பழைய சிற்றாலயம் நின்ற இடத்தில் புதியதொன்றை எழுப்பும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அம்மக்கள் மணிலா அறுவடையில் ஒரு பங்கை ஒதுக்கியிருந்தனர். சென்னைக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குச் செல்வோர் மாதம் ஒருநாள் கூலியைச் சேர்த்துக் கொடுத்திருந்தனர். வெயிலில் உழைத்த உடல்களிலிருந்து வந்த பணம் அது. அதில் ஒரு ரூபாயையும் வீணாக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

கட்டடக்கலைஞர் ஒருவரை அமர்த்தலாம் என்று பங்குப் பேரவையில் நாம் சொன்னபோது, மூத்தவர் ஒருவர் எழுந்தார். "சேத்துப்பட்டுக் கோவில தாராஸ் சாமியார் எந்த ஆர்க்கிடெக்ட வச்சுக் கட்டினாரு சாமி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்து மாவட்டத்துச் சேத்துப்பட்டில் எழுந்து நிற்கும் லூர்து அன்னை ஆலயம் இப்பகுதிக் கத்தோலிக்கர் அனைவருக்கும் பெருமை. பிரான்சிலிருந்து வந்த தாராஸ் அடிகளார் 1916-இல் இறக்கும்வரை இம்மக்களிடையே பல்லாண்டுகள் பணியாற்றினார். அக்கால மறைபணியாளர் பலர் தாமே எண்ணினர், தாமே அளந்தனர், தாமே சாரத்தின் கீழ் நின்றனர். எண்ணியவரும் முடித்தவரும் ஒருவராகவே இருக்க முடிந்தது.

இன்று நம் நிலை வேறு. பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிறோம். கடைக்கால் தோண்டுபவர் ஒருவர், தளம் போடுபவர் மற்றொருவர், அர்ச்சிப்பு விழாவில் நிற்பவர் மூன்றாமவர். ஓர் ஊரில் இவ்வாறு வளர்ந்த ஆலயம் ஒன்றைக் கண்டிருக்கிறோம், ஊர்ப்பெயர் வேண்டாம். ஒருவர் தாழ்ந்த கூரைக்கு அடித்தளம் இட்டார். அடுத்தவர் அதன்மேல் மாடம் வைக்க எண்ணித் தூண்களைச் சேர்த்தார். அதன் பின்னர் வந்தவர் முகப்பில் கோபுரத்தை ஏற்றினார். இன்று பாதி மக்களுக்குத் தூண்கள் தெரிகின்றன, திருப்பீடம் தெரிவதில்லை. மழைக்காலத்தில் கோபுரம் சுவரோடு சேரும் இடத்தில் நீர் கசிகிறது. மூவருமே நல்லெண்ணம் கொண்டவர்கள்தாம். ஆனால் ஒருவருடைய எண்ணத்தை அடுத்தவரிடம் கொண்டு சேர்க்க அங்கே எதுவும் இல்லை.

முதியவரின் கேள்விக்கு விடை சொன்னவர் நாம் அல்லர். சென்னையில் கொத்து வேலை செய்யும் அவ்வூர் இளைஞர் ஒருவர் பின்வரிசையிலிருந்து பேசினார்: "மெட்ராஸ்ல எட்டு மாடி கட்டுறோம் தாத்தா. டிராயிங்ல இல்லாத ஒரு கம்பியக்கூடக் கட்ட விடமாட்டாங்க. பணக்காரங்க வீட்டுக்கு டிராயிங் வேணும், சாமி வீட்டுக்கு வேணாமா?" கூட்டம் அமைதியாயிற்று.

திருச்சபையின் மனமும் இதுவே. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1215-ஆம் பிரிவின்படி, மறைமாவட்ட ஆயரின் எழுத்துமூலமான இசைவின்றி எந்த ஆலயமும் எழுப்பப்படக் கூடாது. அடுத்த பிரிவு, ஆலயம் கட்டுவதிலும் பழுதுபார்ப்பதிலும் வல்லுநரின் ஆலோசனையைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், மக்கள் முழுமனத்தோடு பங்கேற்க ஏற்றவையாக ஆலயங்கள் அமைய வேண்டும் என்று கற்பித்தது. பகட்டைவிட மாண்புமிக்க அழகையே நாடச் சொன்னது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டத்தின்படி, உரிய கல்வி பெற்று மன்றத்தில் பதிவு செய்தவரே அப்பெயரைச் சூட்டிக்கொள்ள இயலும்.

புதுச்சேரியிலிருந்து வந்த இளம் கட்டடக்கலைஞர் முதல் நாள் ஒரு கோடும் வரையவில்லை. ஞாயிறு காலைத் திருப்பலியில் பாயில் அமர்ந்து மக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர்க் கேள்விகள் கேட்டார். செருப்பை எங்கே விடுகிறார்கள்? திருவிழாத் தேரை எங்கே நிறுத்துகிறார்கள்? அடக்கத் திருப்பலியின்போது பெட்டியைச் சுமந்து வருவோர் திரும்ப இடம் போதுமா? ஐப்பசி மழையில் நீர் எந்தப் பக்கம் தேங்குகிறது? "கைக்குழந்தை வச்சிருக்கவங்க எங்க உக்காருவீங்க?" என்றதற்கு ஒரு பெண்மணி, "புள்ள அழுதா வெளியத் திண்ணைதாம்மா. பூசைய காதால கேட்டுக்குவோம்" என்றார். அத்தனை ஆண்டுகள் அவ்வூர் மக்கள் யாரிடமும் சொல்லாத குறை அது. யாரும் கேட்கவில்லை என்பதே காரணம். கட்டடக்கலையின் முதற்படி கேட்டல் என்பதை அன்று அறிந்தோம். அடுத்த வாரம் நண்பகலில் வந்து நிழலையும் காற்றையும் குறித்துக்கொண்டார். மண்ணைச் சோதிக்க ஏற்பாடு செய்தார்.

அவர் வழியாகத்தான் புதுச்சேரியில் உள்ள 'கோல்கொண்டா' என்னும் விடுதியைப் பற்றி விரிவாக அறிய நேர்ந்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் அடியார்கள் தங்குவதற்கென எழுந்த கட்டடம் அது. ஐதராபாத் திவான் சர் அக்பர் ஐதரி வழியாகக் கிடைத்த நிதியின் நினைவாக அப்பெயர் பெற்றது. தோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த செக் நாட்டுக் கட்டடக்கலைஞர் அன்தோனின் ரேமண்ட் 1930களின் நடுவில் அதற்கு வடிவம் தந்தார். கடற்கரை ஊரின் புழுக்கத்திற்கு என்ன செய்வது என்பதே அவர் முன் நின்ற வினா. நீண்ட பக்கங்களை வடக்கும் தெற்கும் நோக்கி வைத்தார். கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதிலாக, கையால் திருப்பக்கூடிய கிடைப்பலகைகளை முகப்பு முழுதும் அடுக்கினார். வெப்பம் இறங்காதபடி கூரையை இரட்டையாக்கினார். வினா தெளிவாக இருந்ததால் வடிவமும் தெளிவாக வந்தது.

வரைபடம் வந்ததோடு பணி முடியவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. ரேமண்ட் தம் உதவியாளர் ஜார்ஜ் நகாஷிமாவைப் புதுச்சேரிக்கு அனுப்பினார். கட்டட முறையைச் சோதிக்க, முழு அளவில் ஒரு மாதிரி அறையையே முதலில் கட்டிப் பார்த்தனர். 1937-இல் பணி தொடங்கியது; மறு ஆண்டு ரேமண்டே வந்து சில மாதங்கள் தங்கினார். கான்கிரீட் வேலைக்குப் பழகாத ஆசிரமவாசிகள் தொழிலாளரோடு சேர்ந்து கற்றுக்கொண்டே கட்டினர். அடியார்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவு, சன்னல்களுக்கான பொருத்துகளை வார்த்தனர். இப்படிக் கட்டடம் முழுமை பெற 1940கள் ஆயின. ஊதியம் வேண்டாமென்று அங்குத் தங்கி உழைத்த நகாஷிமா, பிற்காலத்தில் மரவேலைக் கலைஞராக உலகப் புகழ் பெற்றார். 1965-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் எழுந்த கிறிஸ்து அரசர் ஆலயத்தை வடிவமைத்தவரும் அவரே என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்வளிக்கும்.

"அது வசதியுள்ளவர் கட்டியது, நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். அதற்கு விடை திருவனந்தபுரத்தில் உள்ளது. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இந்தியாவையே தாயகமாகக் கொண்டு 2007-இல் மறைந்த லாரி பேக்கர், ஸ்ரீகாரியத்தில் இயேசு சபையினரின் லொயோலா வளாகத்தில் 1970-71-இல் ஆலயம் ஒன்றைக் கட்டினார். உயர்ந்த செங்கற்சுவர் சாயாமல் நிற்க வேண்டும். ஆனால் கம்பிக்கும் கான்கிரீட்டிற்கும் செலவிடக் கூடாது. இடைவெளி விட்டு இரு மெல்லிய சுவர்களை எழுப்பி, அவற்றைச் செங்கல்லாலேயே குறுக்கே பிணைத்தார். இரு சுவர்களிலும் தரைமுதல் கூரைவரை செங்கல் இடைவெளிகளை விட்டார். அவற்றின் வழியே ஒளியும் காற்றும் வருகின்றன. சன்னல் செலவு மிச்சம். குவேக்கர் சபையைச் சேர்ந்த அவர், அலுவலக மேசையைவிட வேலைத்தளத்திலேயே அதிகம் இருந்தார். கொத்தனாரோடு பேசிப் பேசியே கட்டினார். வசதி குறைந்த இடத்தில்தான் சிந்தனை மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பதை அச்சுவர்கள் காட்டுகின்றன.

நம் கிராமத்திற்குத் திரும்புவோம். கட்டடக்கலைஞர் முதலில் மூன்று சிறு வரைவுகளையும் அட்டையில் செய்த மாதிரியையும் கொண்டுவந்தார். கூரையைக் கழற்றி உள்ளே பார்க்கும்படி இருந்த அம்மாதிரியைச் சூழ்ந்து, வரைபடம் படிக்கத் தெரியாத பாட்டிமாரும் கருத்துச் சொன்னார்கள். அங்கேதான் கோபுரத்தின் சிக்கல் எழுந்தது. பக்கத்து ஊரைவிட உயரமான கோபுரம் வேண்டும் என்பது இளைஞர்களின் கனவு. அவர் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. அக்கோபுரத்திற்கு ஆகும் தொகையையும், இருபுறமும் அகன்ற தாழ்வாரம் அமைக்க ஆகும் தொகையையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினார். தாழ்வாரம் இருந்தால் குழந்தையோடு நிற்கும் தாய்க்குத் திருப்பீடம் தெரியும். மழையிலும் நற்கருணைப் பவனி நடக்கும். மூன்று வாரம் ஊரே விவாதித்தது. இறுதியில் தாழ்வாரம் வென்றது. ஒரு மணிக்கூண்டு மட்டும் இடம் பெற்றது. தாளில் அழிப்பானால் திருத்தக்கூடியதைச் சுவரில் கடப்பாரையால்தான் திருத்த முடியும். ஆகவே, விவாதம் தாளில் நடந்தது நம் மக்களின் பணத்தைக் காத்தது.

அதன் பின்னரே ஆயரின் இசைவும், வழிபாட்டுத் தலங்களுக்குத் தேவையான மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டி விண்ணப்பித்தோம். கட்டமைப்புப் பொறியாளர் சுமையைக் கணக்கிட்டுக் கம்பியின் பருமனைக் குறித்தார். ஒவ்வொரு பொருளும் எவ்வளவு, என்ன தரம் என்ற அளவுப் பட்டியல் உருவாயிற்று. எல்லா ஒப்பந்ததாரரும் ஒரே பட்டியலுக்கு விலை கூறியதால், ஒருவர் விலையை மற்றவர் விலையோடு நேர்மையாக ஒப்பிட முடிந்தது. வேலை தொடங்கிய பின் கட்டடக்கலைஞர் வந்து அளந்து சான்றளித்தாலன்றிப் பணம் கொடுப்பதில்லை. அந்தக் கணக்கை மாதந்தோறும் திருப்பலிக்குப் பின் வாசிக்கிறோம். பணத்தால் பிளவுபட்ட பங்குகளை நாம் அறிவோம். எனவே ஆலயம் எழும் முன்னரே ஐயம் எழாதிருப்பது சிறிய காரியமன்று.

இன்று சுவர்கள் சன்னல் மட்டம் வரை வந்துள்ளன. நமக்கு மாற்றல் ஆணை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்காக அஞ்சவில்லை. அடுத்து வருபவர் கையில் வரைபடங்களும், மக்கள் கலந்து முடிவு செய்த குறிப்பேடும் இருக்கும். அந்த வரைபடம் பங்குத்தந்தையின் விருப்பத்திலிருந்துகூட மக்களின் விருப்பத்தைக் காக்கும் உடன்படிக்கை.

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், அடித்தளம் இட்ட கைதேர்ந்த கட்டடக்கலைஞராகத் தம்மைக் குறிப்பிடுகிறார். கிரேக்க மூலத்தில் அச்சொல் 'அர்க்கித்தெக்தோன்'. தலைமைத் தச்சர் என்பது பொருள். 'தெக்தோன்' என்பதோ மாற்கு நற்செய்தியில் நாசரேத்தூர் மக்கள் நம் ஆண்டவருக்கு இட்ட தொழிற்பெயர். கல்தச்சர், மரத்தச்சர் என்று தமிழும் ஒரே சொல்லை இரண்டுக்கும் வழங்குவது போல, கட்டுகின்ற கைகளைக் குறித்த சொல் அது. ஆக, தலைமைத் தச்சர் என்பவர் கைகளுக்கு மேலே நிற்பவர் அல்லர். கைகளோடு நின்று, எல்லாக் கைகளும் ஒரே எண்ணத்தை நோக்கி உழைக்கச் செய்பவர். தாம் இட்ட அடித்தளத்தின் மேல் வேறொருவர் கட்டுவதைப் பவுல் குறையாகக் கருதவில்லை. எப்படிக் கட்டுகிறோம் என்பதில் ஒவ்வொருவரும் கவனமாயிருக்கட்டும் என்று மட்டுமே அறிவுறுத்தினார். ஆலயம் கட்டப் புறப்படும் ஒவ்வொரு பங்கும், செங்கல்லுக்குச் சொல்லி அனுப்பும் முன், அக்கவனத்திற்காக ஒரு நாற்காலியைப் போட்டு வைக்கட்டும்.