புளி விழுந்த கதை

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் புளி. பேத்தி வைத்த பெயர் என்னவோ 'புலி'தான். அப்போது அவளுக்கு நான்கு வயது, வாயில் 'புளி' என்றுதான் வந்தது. நிறமும் பழைய புளி நிறமாக இருந்ததால் நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். மகனுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தபோது, அங்கே கிடைத்த வாடகை வீட்டில் பூனை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "தாத்தா வீட்டுல பத்திரமா இருக்கும்டா" என்று அழுத குழந்தையைச் சமாதானம் செய்து ரயிலேற்றினோம்.

திருவான்மியூரில் மூன்றாவது மாடி எங்களுக்கு. கிழக்குப் பார்த்த பால்கனி. மூன்றடி உயரத்துக்குக் கம்பித் தடுப்பு, அதற்கு மேலே உத்தரம் வரை திறந்த வெளி. காற்று பிய்த்துக்கொண்டு போகும். மனிதர்களுக்கு சுகம். பூனைக்கு அது சரிப்பட்டு வருமா என்று முதலில் கேட்டது என் மனைவி. "வலை போட ஆள் கூப்பிடலாமா?" என்றாள். நான் விடுவேனா?

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் அது. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் பேனா பிடித்த கை, திடீரென்று ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க ஆசைப்பட்டது. குழாய்க்கு வாஷர் மாற்றினேன், ஆடுகிற நாற்காலிக்கு ஆணி அடித்தேன். சிலது சரியாயிற்று. சிலதற்குப் பிறகு ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. புளி வந்த புதிதில், அதன் மணல் தட்டைச் சுத்தம் செய்ய ஒரு சுலப வழி கண்டுபிடித்தேன். கடையில் விற்கிற பூனை மணலைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுவது. அந்த மணல் ஒருவகைக் களிமண், தண்ணீர் பட்டால் ஊதிக் கெட்டியாகும் என்பது இரண்டாவது மாடிக்காரர் வீட்டில் தண்ணீர் எதிர்த்து ஏறியபோதுதான் தெரிந்தது. அசோசியேஷன் செயலாளர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. குழாய் அடைப்பு எடுக்க ஆன செலவு முழுவதும் என் தலையில்.

இவ்வளவு ஆன பிறகும் வலையை நானே கட்டுவேன் என்றுதான் நின்றேன். ராயபுரம் வரை போய் மீன்வலை வாங்கி வந்தேன். நல்ல உறுதியான வலை, கண்ணி சின்னது, பூனையின் தலை நுழையாது. உத்தரத்தில் துளை போடப் பயம். துளை போடும் மெஷினும் இல்லை. அதனால், மூங்கில் தட்டி தொங்கவிட ஏற்கெனவே இருந்த கொக்கிகளிலும் கீழே கம்பித் தடுப்பிலும் வலையை இழுத்து, நூறு டை இருக்கிற ஒரு பாக்கெட் வெள்ளை பிளாஸ்டிக் கேபிள் டையால் கட்டி முடித்தேன். ஒரே காலைப்பொழுதில் வேலை முடிந்தது. வருகிறவர்களை எல்லாம் பால்கனிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். "நானே போட்டேன்" என்று சொல்லாத நாள் இல்லை. புனேவுக்கும் போட்டோ போயிற்று.

அது ஒரு மார்ச் மாதம். அடுத்த வருஷம் மே மாதம், காலை ஆறு மணி இருக்கும். காபி கையில் இருக்கிறது. காலிங்பெல் அடித்தது. வாட்ச்மேன் மூச்சு வாங்க நிற்கிறார். "சார், உங்க பூனை கீழ கெடக்குது."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஸ்கூட்டர்கள் நிறுத்துகிற இடத்தில், ஒரு தூணை ஒட்டி, புளி உட்கார்ந்திருந்தது. வாயில் ரத்தம். ஒரு முன்னங்கால் மடங்கியபடி. கத்தவில்லை. என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். துண்டில் சுற்றி, ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். 1903ல் தொடங்கிய கல்லூரி அது. மாடும் ஆடும் நாயும் கிளியுமாக அங்கே காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால், நம் கவலை மட்டும் தனிக் கவலை இல்லை என்று தெரியும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ்த்தாடை நடுவில் பிளந்திருந்தது. முன்னங்காலில் எலும்பு முறிவு. நுரையீரல் தப்பியிருந்தது. மாடியிலிருந்து விழுகிற பூனைகளுக்குத் தாடை, மார்பு, கால் மூன்றும்தான் பெரும்பாலும் அடிபடும் என்றார் டாக்டர். தாடையைச் சேர்த்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியால் கட்டினார், காலுக்குக் கட்டுப் போட்டார். ஆறு வாரம் கூண்டை விட்டு வெளியே விடக்கூடாது.

பூனைக்கு ஒன்பது உயிர், எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்று பலரும் ஆறுதல் சொன்னார்கள். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987ல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் சிகிச்சை பெற்றவற்றில் தொண்ணூறு சதவீதம் பிழைத்தன என்கிறது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் பிள்ளையாக இருந்தவனுக்கு ஒன்று உறைக்கும். விழுந்த இடத்திலேயே செத்துப்போன பூனையை யார் மருத்துவமனைக்குத் தூக்கிப்போவார்கள்? அந்தக் கணக்கில் அவை வராது.

புனேவிலிருந்து போன் வந்தது. "புளி எப்படித் தாத்தா விழுந்துது?" ஏழு வயதுக் குரல்.

"வலையைக் கடிச்சு ஓட்டை பண்ணிடுச்சும்மா. குறும்பு தாங்கல" என்றேன். மகனிடமும் அதையேதான் சொன்னேன். செயலாளரிடமும். மனைவியிடமும்.

எங்கள் வீடு சைவம். தாடை கட்டிய பூனைக்கு என்ன கொடுப்பது? மனைவி பால்கனியில் ஒரு பழைய இண்டக்‌ஷன் அடுப்பை வைத்து, தனிப் பாத்திரத்தில் மீன் வேகவைத்து, மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அதன் சாற்றை வடிகட்டுவாள். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து நான் வாயோரம் விடுவேன். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. ஒருநாள் சாறு கொடுத்து முடித்ததும், அவள் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே உடைந்த கேபிள் டைகள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

"பால்கனி பெருக்கறப்ப எடுத்து வெச்சேன். பூனை கடிச்சுதுன்னீங்களே, பல் தடம் எங்க இருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

பல் தடம் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். அன்று காலையிலேயே பார்த்துவிட்டேன். வலையில் ஒரு கண்ணிகூட அறுபடவில்லை. நான் போட்ட கட்டுகள்தான் வெயிலில் காய்ந்து, கருவேப்பிலைக் குச்சி மாதிரி படக்கென்று உடைந்திருந்தன. வெள்ளை பிளாஸ்டிக் டை வீட்டுக்குள் வயர் கட்டுவதற்கானது. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். டாக்டர் அதன் தாடைக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டார். நான் மூன்றாவது மாடிக்கு பிளாஸ்டிக் போட்டிருந்தேன். அதைவிட மோசம், பதினாலு மாதத்தில் ஒருநாள்கூட அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. வங்கியில் ரொக்கம் சரிபார்க்காமல் ஒரு சாயங்காலமும் வீட்டுக்குக் கிளம்பியதில்லை நான்.

ஆள் போட்டிருந்தால் அந்த ஆளைத் திட்டியிருப்பேன். நானே போட்டதால் திட்டு வாங்க பூனைதான் கிடைத்தது.

அன்றிரவே புனேவுக்குப் போன் செய்தேன். "புளி மேல தப்பில்லம்மா. தாத்தா கட்டினது சரியில்லை. உடைஞ்சுபோச்சு. நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி, இப்ப நல்லாக் கட்டு தாத்தா" என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் செயலாளர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, அவருடைய டிரில்லிங் மெஷினைக் கேட்டேன். கொடுத்ததோடு, ஏணி பிடிக்கவும் வந்தார். இந்த முறை அவசரப்படவில்லை. உத்தரம் கான்கிரீட், அதனால் மெஷினை ஹேமர் நிலையில் வைத்துத்தான் துளை போட முடிந்தது. எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் பிட்டில் டேப் சுற்றிக்கொண்டோம். துளைக்குக் கீழே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரை ஒட்டிவிட்டால் தூசி முழுக்க அதிலேயே விழுந்துவிடும், இது செயலாளர் சொல்லிக்கொடுத்தது. அடிக்கு ஒரு கொக்கி, எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடற்காற்றில் சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கொக்கிகளுக்கு நடுவே ஸ்டீல் கயிறு ஓட்டி, அதில் வலையைக் கோத்தோம். ஒரு காலையில் முடியவில்லை, மூன்று நாள் ஆயிற்று.

புளி தேறிவிட்டது. முன்னங்கால் லேசாகச் சாய்கிறது. உயரத்தில் தாவுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கிறது.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, கொக்கிகள் அத்தனையையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறேன். காலண்டரில் டிக் போடுகிறேன். போன மாதம் இடது ஓரத்துக் கொக்கி கொஞ்சம் ஆடியது. பிளக்கை மாற்றினேன். புளி கீழே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் வலையோ கம்பியோ அலமாரியோ நீங்களே பொருத்தியிருந்தால், இன்று எழுந்து போய் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.