நிழலில் ஓடும் படகு

ஓர் ஓவியத்தைக் காணும்போது, ஒளி யார்மேல் விழுகிறது என்றே என் கண் முதலில் தேடும். அரசரோ, புனிதரோ, செல்வரோ அவ்விடத்தில் நிற்பது வழக்கம். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் டச்சுக் கடலோவியங்களில் இவ்வழக்கம் பெரும்பாலும் செல்லுவதில்லை.

1632இல் மறைந்த போர்செல்லிஸ் என்னும் ஓவியர், கொடிகள் பறக்கும் பெருங்கப்பல்களை விடுத்து, சாம்பல் நிறக் கடலையும் சிறு மீன்பிடி படகுகளையும் தீட்டியவர். தொடுவானம் தாழ்ந்திருக்கும், எஞ்சியதெல்லாம் வானமே. மேகங்களின் இடைவெளியில் இறங்கும் ஒளி கடல்மீது ஒரு பட்டையாய்ப் படரும். அடுத்த பட்டை இருள். இத்தகைய ஓவியங்களில், முன்னே நிற்கும் படகு பலவேளை அவ்விருளிலேயே இருக்கிறது. உழைப்போர் நிழலில் குனிந்திருக்க, ஒளியோ எங்கோ தொலைவில், யாருடையதென்று அறியாத ஒரு பாயின்மேல் விழுகிறது.

என் தாயார் நோயுற்றுப் படுக்கையில் கிடந்த ஈராண்டுகளில் இந்நிழற்படகுகளை அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். இரவும் பகலும் பணிவிடையில் கழியும்போது, வெளிச்சமெல்லாம் பிறர் வீடுகளுக்கே வாய்த்ததாகத் தோன்றும். உழைப்பவர்க்கு ஒளி இல்லையா என்று உள்ளம் கேட்கும்.

விடை அப்படகிலேயே இருந்தது. அதன் பாய் புடைத்திருக்கிறது. உடல் ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. ஆழமற்ற நீருக்கேற்ற தட்டையான அடிப்பகுதி கொண்ட டச்சுப் படகுகளின் இருமருங்கிலும் பெரிய பலகைகள் தொங்கும். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடாதபடி அவற்றில் ஒன்றை நீருக்குள் இறக்குவர். இத்தனை பாடும் காற்றை வசப்படுத்தவே. மேலே மேகங்களை ஓட்டுவதும் அதே காற்றுதான். ஆகவே இருள் அங்கே தங்குவதில்லை; ஒளியும் தங்குவதில்லை.

காற்று ஓய்ந்த கடலை இளைய வில்லெம் வான் டி வெல்டே (1633–1707) தீட்டினார். அவர் 1661இல் வரைந்த ஓர் ஓவியம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. நீர் வற்றிய கரையோரம் படகுகள் நிற்கின்றன, மனிதர் நீராடுகின்றனர். இவருடைய அமைதிக் கடல்களில் ஒளி எங்கும் சமமாய்ப் பரவியிருக்கும். காண இனிமையாய் இருக்கும். ஆனால் பாய்கள் துவண்டு தொங்கும். படகுகள் எங்கும் செல்வதில்லை.

ஓய்வுக்கு இந்தக் கடல் வேண்டும். ஆயினும் கடமை அழுத்தும் நாள்களில் போர்செல்லிஸின் படகே எனக்கு உறவு. அதிலுள்ளோர் ஒளிக்காகக் காத்திருக்கவில்லை, கயிற்றைப் பற்றியிருக்கின்றனர்.