சொல்லாமல் விட்ட பாதி



முக்கொம்புக்கு அருகே, காவிரிக் கரையோர ஜீயபுரத்தில் உள்ளது எங்கள் வீடு. என் அத்தா கட்டிய பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு. மழைக்காலம் வந்துவிட்டால் தரையின் ஈரம் சுவரில் ஏறும். மேற்கு அறைக்கு நீலச்சாம்பல் நிறம் பூச வேண்டும் என்பது என் துணைவியாரின் நெடுநாள் ஆசை. ஐப்பசி மேகம் காவிரி நீரில் படியும்போது தோன்றுமே, அந்த நிறம்.

அவர் கேட்ட போதெல்லாம் நான் ஒரு நபிமொழியைச் சொல்லி வாயடைத்து வந்தேன். போர்ப் பயணத்திலிருந்து திரும்பிய பெருமானார் (ஸல்) அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலில் தொங்கவிட்டிருந்த திரையைக் கண்டு அதிருப்தியுற்று அதை அகற்றினார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு இறைவன் நமக்குக் கட்டளையிடவில்லை என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. மத்ரஸாவில் வீண்விரயம் பற்றிப் பாடம் நடத்தும்போதும் இதையே கூறுவேன்.

சென்ற கார்த்திகையில் எங்கள் இளைய மகளுக்கு இரவெல்லாம் மூச்சிரைப்பு. பரிசோதித்த மருத்துவர், “படுக்கையை ஒட்டிய சுவரில் பூஞ்சணம் இருக்கிறதா?” என்று கேட்டார். இருந்தது, ஓர் ஆள் உயரத்திற்குக் கறுத்திருந்தது.

அன்றிரவு துணைவியார் மெல்லக் கேட்டார்: “ஏங்க, கழற்றின அந்தத் திரையை ஆயிஷா நாயகி அப்புறம் என்ன செஞ்சாங்க?”

எனக்கு விடை தெரியும். அதை வெட்டி, பேரீச்ச நார் திணித்து, இரண்டு தலையணைகளாக்கினார்கள். நபியவர்கள் அதைக் குறை கூறவில்லை. அதே செய்தியின் பிற்பாதி அது. ஆடம்பரத்திற்குத் தொங்கிய துணி, வீட்டாரின் தேவைக்கு வந்ததும் தடை இல்லை. நான் அந்தப் பாதியைச் சொன்னதே இல்லை. இத்தனை ஆண்டுகளும் நான் காத்தது மார்க்கத்தை அன்று, என் பணப்பையை.

மறு வாரமே வேலை தொடங்கியது. ஈரம் ஏறும் சுவருக்குப் பிளாஸ்டிக் பெயிண்ட் பொருந்தாது. ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பி உரியும். சுண்ணாம்போ ஈரத்தை வெளியே விடும். அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் வளராது. முதலில் சுவரோரம் நீர் தேங்காதபடி வாய்க்கால் வெட்டினோம். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டோம். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, சிறிது கஞ்சி சேர்த்து, நீலப்பொடியும் துளி கறுப்புப் பொடியும் கலந்து மூன்று முறை மெல்லிதாக அடித்தோம்.

அந்த நீலம் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைக் கல்லை அரைத்தே கிடைத்தது. ஐரோப்பிய ஓவியர்கள் அதைப் பொன்னுக்கு நிகராக மதித்தனர். 1820களில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யும் முறை கண்டறியப்பட்ட பிறகே எளியோர் வீட்டுச் சலவைக்கும் சுவருக்கும் வந்து சேர்ந்தது.

அடித்த அன்று சுவர் கருநீலமாய்த் தெரிந்தது. துணைவியார் முகம் வாடிவிட்டது. சுண்ணாம்பு காயக்காய வெளுக்கும் என்பதை நாங்கள் எண்ணவில்லை. மறுநாள் ஃபஜ்ருத் தொழுகை முடித்து வந்தபோது, அவர் விரும்பிய காவிரி நிறம் சுவரில் இருந்தது. நீங்கள் அடிப்பதானால் ஒரு மூலையில் பூசி, காயவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளின் மூச்சிரைப்பு அடியோடு நின்றது என்று சொல்லமாட்டேன், குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். மருந்தும் தொடர்கிறது.

குடும்பத் தலைவர்களாகிய சகோதரர்களே! வீட்டாரின் கோரிக்கையை மார்க்கத்தைக் காட்டி மறுக்குமுன், மார்க்கம் சொன்னதை முழுமையாகச் சொல்கிறோமா என்று எண்ணிப் பாருங்கள். பாதி சொல்லிய என்னை அல்லாஹ் மன்னிப்பானாக! ஆமீன்.