குந்திப் பேச ஓர் இடம்

நாலு பேர் கூடி விவாதிப்பதற்கு ஆள் வேண்டும், புத்தகம் வேண்டும், விஷயம் தெரிந்த பேச்சாளர் வேண்டும் என்று நகரத்துத் தோழர்கள் சொல்வார்கள். சேரியில் இதற்கெல்லாம் முன்னால் வேறொன்று வேண்டும். குந்துவதற்கு இடம்.

ஊர்ப்பக்கம் இதற்குப் பஞ்சமில்லை. அரசமரத்து மேடை இருக்கிறது. கோயில் மண்டபம் இருக்கிறது. கூட்டுறவு வங்கித் திண்ணையும் நூலக வராந்தாவும் இருக்கின்றன. டீக்கடை பெஞ்சு அவர்களுக்குத்தான். எங்கள் ஊர் டீக்கடையில் 1995 வரைக்கும் எங்களுக்குத் தனி டம்ளர். அதையும் நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும். ஊர்க்காரன் குந்திக்கொண்டு பேசுவான், நாம் நின்றுகொண்டு பதில் சொல்வோம். நின்றுகொண்டு பதில் சொல்லலாம், விவாதம் பண்ண முடியாது. கால் வலிக்கும்போது எவனும் ரெண்டாவது கேள்வி கேட்கமாட்டான்.

1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தது. செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு என்று எங்கே பார்த்தாலும் சேரிக்குச் சேரி அம்பேத்கர் மன்றம் முளைத்தது. எங்கள் சேரியிலும் ஒன்று. தகரக் கூரை, ஒரு படம், ஒரு கேரம் போர்டு, கபடிக்கு வாங்கிய பனியன்கள். வருஷத்துக்கு ஒரு நாள் மாலை, மற்ற நாளெல்லாம் கேரம். அதைக் கேவலமாகச் சொல்லவில்லை. அந்தத் தகரக் கூரைதான் எங்களுக்கென்று இருந்த முதல் பொது இடம்.

1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்துப் போனார்கள். எங்கள் சேரி கொதித்தது. அடுத்த சில மாதங்களுக்கு எங்கே பார்த்தாலும் பஞ்சமி நிலம் பற்றித்தான் பேச்சு. ஆனால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். காந்தி கொடுத்த நிலம் என்று ஒருத்தர். கலெக்டர் துரை கொடுத்தது என்று ஒருத்தர். எம்.ஜி.ஆர். கொடுத்தார் என்றுகூட ஒருத்தர் சத்தியம் பண்ணினார். இதை உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்றுதான் 1995 மார்கழியில், சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, கடைசி பஸ்ஸில் வேலைக்காரர்கள் இறங்கிய பிறகு, மன்றத்தில் கூடினோம். ஆறு பேர்.

முதல் மூணு வாரம் ஆறு பேர்தான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தோழர் ஒருவர் அப்போது சிறுபத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த கட்டுரைகளை வாசித்துக் காட்டினார். சொல்லாடல், கட்டுடைப்பு, பெருங்கதையாடல். நல்ல கட்டுரைகள்தான், மறுக்கவில்லை. மூணாவது வாரம் ஆறு பேரில் ரெண்டு பேர் கேரம் போர்டு பக்கம் நகர்ந்துவிட்டார்கள். கல்லுடைக்கிற மாமா ஒருத்தர் மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ படிச்சத எங்கிட்ட ஒப்பிக்கிற. எனக்கும் ஒரு கேள்வி கீது. அத யார்கிட்ட கேக்கறது?"

அவர் கேள்வி இது: நம்ம சுடுகாட்டுப் பாதை யார் பட்டாவுல இருக்குது?

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினோம். யார் வேண்டுமானாலும் கேள்வி சொல்லலாம். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். அதை அப்படியே அவர் வாய் வார்த்தையில் எழுத வேண்டும், திருத்தக் கூடாது. கேட்டவர் உறவுமுறையோடு எழுத வேண்டும். அடுத்த வாரம் அந்தக் கேள்விதான் பேச்சு. தெரிந்தவர் பதில் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாவிட்டால் ரெண்டு பேர் போய் விசாரித்துக்கொண்டு வர வேண்டும். இந்த நோட்டுதான் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தியது என்பது என் எண்ணம். தன் கேள்விக்கு அடுத்த சனிக்கிழமை பதில் உண்டு என்றால் மனுஷன் வருவான். வரும்போது பக்கத்து வீட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டு வருவான்.

இன்னொரு ஏற்பாடும் செய்தோம். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கட்சிக்காரர் ஒருவர் இருந்தார். எழுந்தால் ஒரு மணி நேரம். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வராது, வயசில் பெரியவர். அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி: ஒருத்தர் பேசி முடித்தால், இன்னும் ரெண்டு பேர் பேசுகிறவரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. முதல் வாரம் கோபித்துக்கொண்டு போனார். ரெண்டாவது வாரம் வந்தார். தன் முறைக்காகப் பக்கத்தில் இருக்கிறவர்களைத் தட்டித் தட்டி, "பேசேன்டா, ஏதாவது பேசு" என்று கிளப்ப ஆரம்பித்தார். வாயே திறக்காத நாலு பேர் அப்படித்தான் பேசத் தொடங்கினார்கள்.

பறை பற்றிய கேள்வி நாலு வாரம் ஓடியது. ஊர்ச் சாவுக்கு அடிக்கப் போவதை நிறுத்த வேண்டும் என்றார்கள் பையன்கள். அடிக்கிற பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "அவன் எனக்கு வுட்டெறியற நாலு துட்ட நிறுத்து, ஒத்துக்கறேன். என் கைய ஏன்டா நிறுத்தச் சொல்ற? இது எங்கப்பன் குடுத்த வித்த." கூலிக்கு அடிப்பது வேறு, கலைக்கு அடிப்பது வேறு என்ற பேச்சைப் பிறகு மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அது ரெண்டு மனுஷருக்குள் நடந்த சண்டையாக இருந்தது, ஒருத்தர் அழுதார். அந்த மாசம்தான் முப்பது பேரைத் தாண்டினோம்.

இதையெல்லாம் மன்றத்துத் தட்டிக்குப் பின்னால் நின்று பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே வரமாட்டார்கள். ஒரு நாள் ஆயா ஒருத்தி தட்டியை விலக்கி, "எங்க கேள்விய எழுதுவியா, பேனா ஆம்பளைங்களுக்குத்தானா?" என்றாள். எழுதினோம். அவள் கேள்வி: "குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய அடிக்கறவன் அம்பேத்கர் படத்துக்குக் கீழ குந்தலாமா?"

யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வீட்டு விஷயத்தைப் பொதுவில் வைத்தால் ஊர்க்காரன் சிரிப்பான், சமுதாயம் உடைஞ்சிபூடும் என்றார்கள். இந்த 'சமுதாயம் உடையும்' என்கிற வார்த்தையை அதற்கப்புறம் பல இயக்கக் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். எப்போதும் அடிபட்டவள் வாயைத் திறக்கும்போதுதான் அது வெளியே வருகிறது. ஆயா விடவில்லை. "ராத்திரி எட்டு மணிக்கு நாங்க சோறாக்குவமா, உன் கூட்டத்துக்கு வருவமா? என் வாசலுக்கு வா, ஞாயித்துக்கிழம மூணு மணிக்கி" என்றாள். போனோம். ஆண்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அவர்கள் விட்ட இடத்தில் பெண்கள் வந்து குந்தினார்கள். இடுப்பில் பிள்ளையோடு, கையில் முறத்தோடு. தகரக் கூரை மறுபடி கேரம் போர்டுக்கே போனது.

பஞ்சமி நிலக் கேள்விக்கு அந்த வாசலில்தான் பதில் கிடைத்தது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891இல் பறையர்கள் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பியதும், 1892இல் அரசாணை வந்ததும், சென்னை மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதும் படித்துச் சொன்னோம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் கைமாற்றலாம், வேறு யாருக்கு விற்றாலும் செல்லாது. சொல்லி முடித்ததும் ஒரு சித்தி கேட்டாள்: "சரி, நம்மூர்ல எது?" அதுதான் கேள்வி. ரெண்டு பேர் தாலுகா ஆபீசுக்கு நடந்தார்கள், நடந்தார்கள், அஞ்சு மாதம் நடந்தார்கள். பழைய 'அ' பதிவேட்டு நகல் கைக்கு வந்தபோது, சர்வே எண்களுக்கு எதிரே டி.சி. என்று இரண்டு எழுத்து. புதிய கணக்கில் அதே எண்களுக்கு எதிரே அந்த இரண்டு எழுத்தும் இல்லை. ஊர்த்தெருப் பெயர்கள் இருந்தன.

அந்தப் பதிவேட்டை வாசலில் வைத்து எண் எண்ணாக வாசித்தோம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள், எண்ணைச் சொன்னவுடன், "அது ஏரிக்கரை ஓரம் புங்க மரம் கீற துண்டு", "அது கம்பு வெதச்ச மோட்டாங்கொல்லி, எங்க மாமனார் ஓட்னது" என்று அடையாளம் சொன்னார்கள். ஆபீசில் தொலைந்துபோன எழுத்து அவர்கள் வாயில் இருந்தது. அதையும் நோட்டில் எழுதினோம்.

மனு கொடுத்த பருவத்தில் எங்களை யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. டீக்கடையும் அடைத்துக்கொண்டது. ஒரு பருவம் முழுக்கச் செங்கல் சூளைக்கும் பட்டணத்துக்கும் ஓடித்தான் வயிற்றைக் கழுவினோம். வேலை இல்லாததால் கூட்டத்துக்கு மட்டும் ஆள் அதிகம். இது சிரிக்கிற விஷயமில்லை, ஆனால் ஆயா அதைச் சொல்லித்தான் எங்களைச் சிரிக்க வைத்தாள்.

1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் வந்தது. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து காலணா விலையில் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையைப் பண்டிதர் தொடங்கியதும், ஒரு வருஷத்தில் வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் அது 'தமிழன்' ஆனதும், 1914இல் அவர் சாகும்வரை வந்துகொண்டிருந்ததும் அப்போதுதான் எங்களுக்கு விவரமாகத் தெரிந்தது. அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வாசகர் கேள்விகள். கோலார் தங்க வயலிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் நம் ஜனங்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பண்டிதர் வாரா வாரம் பதில் போட்டிருக்கிறார். எங்கள் நோட்டுக்குத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பாட்டன் இருந்திருக்கிறான்! எழுதத் தெரிந்த நம் ஆள் முதலில் செய்த வேலை, நம் ஆட்களின் கேள்விக்கு இடம் ஒதுக்கியது. 1920 ஜனவரியில் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகரின் 'கேசரி'. ஊமைகளுக்குத் தலைவன் என்று பெயர் வைத்ததற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது.

2001இல் நோட்டில் ஒரு புதுக் கையெழுத்து. வாய்க்காலுக்கு அந்தாண்டை நாலு அருந்ததியர் வீடுகள். அதில் ஒன்பதாவது படிக்கிற பெண், ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலின் ஓரத்தில் நிற்பாள். அவளே எழுதியிருந்தாள்: "உங்க கூட்டம் எங்க வாசல்ல நடக்குமா?"

பறைக்கு நாலு வாரம் என்றால் இதற்கு ஏழு வாரம். "அதுக்கின்னா, நடத்தலாம்" என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். நாள் குறிக்கும்போது ஒருத்தருக்குக் கல்யாணம், ஒருத்தருக்குக் காய்ச்சல். கடைசியில் ஒருவர் உடைத்தே சொன்னார்: "அங்க போனா தண்ணி குடுப்பாங்க. குடிக்கணும்." ஊர்க்காரன் நம் கையில் தண்ணி வாங்கமாட்டான் என்பதற்காக எத்தனை ராத்திரி கத்தியிருந்தோம் அதே வாசலில்! நாற்பது பேரில் பதினேழு பேர் வாய்க்காலைத் தாண்டினார்கள். ஆயாதான் முதலில் குந்தினாள். சொம்பை வாங்கிக் குடித்தாள். அண்ணாந்து குடிக்கவில்லை, வாய் வைத்துக் குடித்துவிட்டு அடுத்தவருக்கு நீட்டினாள். அன்றைக்கு நின்றுபோன சிலர் இன்றுவரை வரவில்லை. எண்ணிக்கை பார்த்தால் கூட்டம் சிறுத்துவிட்டது. நான் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் இடஒதுக்கீடு வந்தபோது தமிழ்நாடு முழுக்க நமக்குள் நடந்த சண்டை தெரிந்ததுதான். மேடைகளில் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டார்கள். எங்களுக்குள்ளும் சூடாக நடந்தது, ஆனால் அது அந்த நாலு வீட்டு வாசலில் நடந்தது. அவர்கள் போட்ட பாயில் குந்திக்கொண்டு அவர்கள் பிள்ளைக்கு எதிராகப் பேசச் சிலருக்கு நாக்கு எழவில்லை. கல்லுடைக்கிற மாமா மட்டும் பேசினார். அவர் மகன் பட்டப்படிப்பு முடித்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். "மூணு போச்சின்னா எம்புள்ளைக்கு எவ்ளோ போச்சி? கணக்குப் போட்டுச் சொல்லு, எழுதிக்க" என்றார்.

அந்தப் பெண்தான் கணக்குப் போட்டாள். அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாள். நோட்டில் நூறு கோடு கிழித்தாள். பதினெட்டைச் சுற்றி ஒரு வட்டம், அதற்குள் மூணுக்கு ஒரு வட்டம். "பெரிப்பா, இந்தப் பதினெட்டையும் என்னைக்காவது முழுசா நெரப்பி இருக்காங்களான்னு மொதல்ல பாக்கணும்" என்றாள். அவர் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்துக்கொண்டேன் என்று சொல்லவில்லை. "சரி, அதக் கேட்டு எழுது" என்றார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட அலுவலகங்களுக்கு எழுதினோம். மனுவில் மாமாவின் கைநாட்டும் இருந்தது. எட்டு மாதம் கழித்து வந்த பதிலில் பாதிக் கட்டங்கள் காலி. அந்தக் காலிக் கட்டங்களைப் பேச இன்னொரு நாலு வாரம் போனது.